பழைய லாரியில் சார்ஜ், பேட்டரி, ஒயரிங் தொல்லைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாமக்கல், சங்ககிரி பக்கம் பழைய லாரியை வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு இன்ஜினைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கரண்ட் விஷயம் வந்தால் மட்டும் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட எழுதி வைத்துவிட்டால் நல்லது என்று தோன்றியது.

இங்கே இருப்பதெல்லாம் மெக்கானிக்கல் டீசல் பம்ப் வைத்த, கம்ப்யூட்டர் இல்லாத வண்டிகளுக்கு. டீசல் அடிப்பதைக் கம்ப்யூட்டரே கட்டுப்படுத்தும் காமன் ரெயில் வண்டிகளில் இதை முயல வேண்டாம். எண்கள் எல்லாம் இரண்டு பேட்டரி போட்ட 24 வோல்ட் வண்டிக்கானவை. உங்களுடையது 12 வோல்ட் என்றால் வோல்ட் கணக்கைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். அப்புறம், இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் கொடுக்கிற, பட்டறையில் எல்லாரும் டைனமோ என்று சொல்கிற மெஷினை இங்கே ஆல்டர்னேட்டர் என்றே எழுதுகிறேன். ஓரிடத்தில் நிஜமான பழைய டைனமோவைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

1. வண்டி டவுன் ஆகுதுங்க. பேட்டரியை மாத்தறதா, டைனமோவை மாத்தறதா?

இரண்டையும் இப்போது மாற்ற வேண்டாம். முதலில் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண மீட்டரே போதும். பழைய வண்டியில் ஆல்டர்னேட்டர் மேல் பழி விழுகிற பல நேரங்களில் உண்மையான குற்றவாளி ஒரு துருப்பிடித்த லக் (ஒயர் முனையில் இருக்கும் உலோக வளையம்), தளர்ந்த கிளாம்ப், அல்லது அறுந்துபோன எர்த் பட்டை (கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழி).

வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து, இரண்டு பேட்டரியையும் சேர்த்து அளந்து பாருங்கள். 25.2 வோல்டுக்கு மேல் இருந்தால் முழு சார்ஜ். 24.4 என்றால் ஏறக்குறைய பாதி. 24-க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி. அடுத்து இன்ஜினை ஸ்டார்ட் செய்து, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து அதே இடத்தில் அளக்கவும். 27.6-லிருந்து 28.8 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. ஸ்டார்ட் செய்வதற்கு முன் இருந்த அளவே காட்டினால் சார்ஜ் ஏறவில்லை. 30-ஐத் தாண்டினால் அளவுக்கு மீறி ஏறுகிறது. அது இன்னும் மோசம்.

2. சாவி போட்டா சார்ஜ் லைட் எரியறதே இல்ல. எரியலைன்னா நல்லதுதானே?

இல்லை. சாவி போட்டதும் அந்த லைட் எரிய வேண்டும், வண்டி ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். முதலிலேயே எரியாவிட்டால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுக்காமல் சும்மா சுற்றிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு.

காரணம் இதுதான். ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் ரோட்டர் காந்தமாக மாறினால்தான் கரண்ட் உண்டாகும். அந்த முதல் காந்தத்துக்கான சிறு கரண்ட் சாவியிலிருந்து இந்த பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு பியூஸ் ஆனால் அந்த வழியே அடைபட்டுவிடும். சில வண்டிகளில் ரோட்டரில் மிச்சமிருக்கும் காந்தத்தால், நன்றாக ரேஸ் கொடுத்த பிறகு சார்ஜ் ஆரம்பிக்கும். "ஒரு தடவை ரேஸ் பண்ணினா சரியாயிடுது" என்று டிரைவர் சொன்னால் முதலில் இந்த பல்பைப் பாருங்கள். இதற்குப் பதிலாகச் சின்ன எல்இடி மாட்டுவதும் தப்பு. அது வழியாகப் போதுமான கரண்ட் போகாது. கம்பெனி போட்ட அதே வாட்ஸ் பல்பைத்தான் போட வேண்டும்.

பல்பு நல்லது, ஆனாலும் எரியவில்லையா? ஆல்டர்னேட்டரில் அந்த பல்புக்கு வரும் மெல்லிய ஒயரைக் கழற்றி, சாவி போட்ட நிலையில் பாடியில் தொடுங்கள். லைட் எரிந்தால் ஒயர் சரி, ஆல்டர்னேட்டருக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது அல்லது ரோட்டர் போயிருக்கிறது. எரியாவிட்டால் ஒயரிலோ பல்பு ஹோல்டரிலோ தேடுங்கள். மெல்லிய ஒயரில் மட்டும்தான் இந்தச் சோதனை. பேட்டரியிலிருந்து வரும் தடித்த ஒயரைப் பாடியில் தொட்டால் தீப்பொறி பறக்கும், ஒயரே எரியவும் கூடும்.

3. ஓடும்போது திடீர்னு சார்ஜ் லைட் வந்துடுச்சு. அப்படியே ஊர் போய்ச் சேரலாமா?

முதலில் ஓரம் கட்டி பெல்ட்டைப் பாருங்கள். பெல்ட் அறுந்திருந்தால் நகரவே கூடாது. பல வண்டிகளில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது, இன்ஜின் சூடாகி ஹெட் கேஸ்கெட் போய்விடும். சின்ன வண்டிகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பிரேக் பூஸ்டருக்கான வேக்கம் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே இருக்கும். பெல்ட் போனால் ஒன்றிரண்டு மிதிக்குப் பிறகு பிரேக் பெடல் கல்லாக இறுகிவிடும். லோடோடு மலைப்பாதையில் இது நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பெல்ட் நன்றாக இருந்து சார்ஜ் மட்டும் இல்லை என்றால், பகலில் ஓட்டலாம். மெக்கானிக்கல் பம்ப் இன்ஜினுக்கு ஓடுவதற்குக் கரண்ட் தேவையில்லை. கரண்ட் நின்றால் டீசலை அடைக்கும் சொலினாய்டு வைத்த வண்டி மட்டும் விதிவிலக்கு, அது பேட்டரி தீர்ந்ததும் நின்றுவிடும். ராத்திரியில் ஹெட்லைட் இரண்டு, டெயில் லைட், பக்கவாட்டு லைட் எல்லாம் சேர்ந்து சுமார் 10 ஆம்ப்ஸ் இழுக்கும். நல்ல பேட்டரி சில மணி நேரம் தாங்கும், வயதான பேட்டரி அவ்வளவு தாங்காது. இடையில் இன்ஜினை நிறுத்தாதீர்கள், மறுபடி செல்ஃப் எடுக்காது.

4. பகல்ல சார்ஜ் நல்லா இருக்கு. ஹெட்லைட் போட்டா இறங்கிடுது. ஏன்?

லோடு கொடுத்தால் இறங்குகிறது என்றால் பெல்ட் வழுக்கலாம், ஆல்டர்னேட்டருக்குள் ஏசி கரண்டை டிசி-யாக மாற்றும் டையோடு ஒன்றிரண்டு போயிருக்கலாம், அல்லது கரண்ட் வழியில் வீணாகலாம். பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை உள்ளே போகலாம். அதற்கு மேல் போனால் இறுக்க வேண்டும். பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடி மாதிரி பளபளத்தால் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும், மாற்றத்தான் வேண்டும். தேவைக்கு மேல் இறுக்கினால் பேரிங் போகும்.

வழியில் வீணாவதைக் கண்டுபிடிப்பது சுலபம், ஆனால் செய்கிறவர்கள் குறைவு. இன்ஜின் ஓட, எல்லா லைட்டும் எரிய, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயர் மாட்டிய போல்ட்டிலும் மறுமுனையைப் பேட்டரியின் பிளஸ் கம்பத்திலும் வையுங்கள். அரை வோல்டுக்கு மேல் காட்டினால் அந்த ஒயரிலோ அதன் லக்கிலோ கோளாறு. அடுத்து ஆல்டர்னேட்டர் பாடிக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே இதையே செய்யுங்கள். அங்கே 0.3 வோல்டுக்கு மேல் இருந்தால் எர்த் கோளாறு. ஆல்டர்னேட்டரைக் கழற்றாமலே பாதிப் பிரச்சினை இங்கே பிடிபட்டுவிடும்.

5. செல்ஃப் போட்டா "டக்"னு ஒரு சத்தம், அவ்வளவுதான். செல்ஃப் மோட்டார் போச்சா?

போயிருக்கலாம். ஆனால் அதை இறக்குவதற்கு முன், ஒருவரை செல்ஃப் போடச் சொல்லி பேட்டரியை அளந்து பாருங்கள். 19 வோல்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி வீக், அல்லது மோட்டாரே அளவுக்கு மீறி இழுக்கிறது. 23-க்கு மேலேயே நின்று, ஆனாலும் மோட்டார் சுற்றாவிட்டால், கரண்ட் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை அல்லது செல்ஃப் மோட்டாரின் மேல் இருக்கும் சொலினாய்டின் உள் காண்டாக்ட் கருகியிருக்கிறது.

அதே நேரத்தில் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸ் கம்பத்திலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வையுங்கள். கேபிள் கிளாம்ப்பில் இல்லை, ஈயக் கம்பத்திலேயே வைக்க வேண்டும். அரை வோல்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. இன்ஜின் ரப்பர் மவுண்ட்டின் மேல் உட்கார்ந்திருப்பதால், இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே பின்னல் பட்டை ஒன்று போட்டிருப்பார்கள். கிளட்ச் வேலைக்கோ கியர்பாக்ஸ் வேலைக்கோ இறக்கியபோது அதைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்ட மறப்பது பட்டறைகளில் சகஜம். அப்போது செல்ஃப் கரண்ட் வேறு வழி இல்லாமல் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகவோ டீசல் பைப் வழியாகவோ திரும்பப் பார்க்கும். செல்ஃப் போட்ட பிறகு ஆக்சிலரேட்டர் கேபிள் சுட்டால் வேறு சோதனையே தேவையில்லை.

6. ராத்திரி நிறுத்தினா காலையில டவுன். புது பேட்டரி போட்டும் அப்படித்தான்.

முதலில் ஒரு கணக்கு. அரை ஆம்ப் கசிவு இருந்தால் ஒரு நாளுக்கு 12 ஆம்பியர் மணி. 120 ஆம்பியர் மணி பேட்டரியைத் தீர்க்க அதற்குப் பத்து நாள் ஆகும். ஒரே ராத்திரியில் தீர்கிறது என்றால் கசிவு பல ஆம்ப்ஸ் இருக்க வேண்டும், இல்லையென்றால் பேட்டரி முதல் நாளே முழுதாக ஏறவில்லை. அதனால் கேள்வி 1-ல் சொன்ன அளவுகளை எடுத்துவிட்டு இங்கே வாருங்கள். பாதி ஆட்களுக்கு வியாதி கசிவே இல்லை, ஏறாத சார்ஜ்தான்.

கசிவு பார்ப்பதற்கு: சாவியை எடுத்து, கேபின் லைட்டை அணைத்து, பேட்டரி மைனஸ் கேபிளைக் கழற்றவும். கம்பத்துக்கும் கேபிளுக்கும் நடுவே முதலில் ஒரு 24 வோல்ட் பல்பை வைத்துப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால் பெரிய கசிவு, மீட்டரை வைத்தால் அதன் பியூஸ் போய்விடும். எரியாவிட்டால் மீட்டரை 10 ஆம்ப் துளையில் மாற்றி அதே இடத்தில் வைக்கவும். அப்போது மறந்தும் செல்ஃப் போடக் கூடாது. ஜிபிஎஸ், டேப் நினைவகம் இரண்டுக்கும் சேர்த்து 50 மில்லிஆம்ப் வரை இருக்கலாம். அதற்கு மேல் என்றால் ஒவ்வொரு பியூஸாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது இறங்குகிறதோ அந்த வழியில்தான் திருடன்.

எல்லா பியூஸையும் கழற்றியும் இறங்கவில்லையா? அப்படியென்றால் பியூஸ் பாக்ஸுக்குப் போகாமல் நேராகப் பேட்டரியோடு இணைந்தவை மிச்சம்: செல்ஃப் மோட்டார், ஆல்டர்னேட்டர், யாரோ நடுவழியில் சுற்றிவிட்ட ஒயர். காலையில் வண்டியைத் தொடுவதற்கு முன் ஆல்டர்னேட்டர் பாடியைத் தொட்டுப் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் அது வெதுவெதுப்பாக இருந்தால் டையோடு போயிருக்கிறது.

7. பாட்டுக்கு, போன் சார்ஜருக்கு ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்தா என்ன தப்பு? எல்லாரும் அப்படித்தான் எடுக்கறாங்க.

எல்லாரும் எடுப்பதால்தான் இந்தப் பக்கத்தில் மிக நீளமான பதில் இதற்கு. 24 வோல்ட் வண்டியில் இரண்டு பேட்டரியும் தொடராக இருக்கின்றன. ஆல்டர்னேட்டர் தரும் கரண்ட் இரண்டு வழியாகவும் ஒரே அளவில்தான் போகும். ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் ஆம்ப்ளிஃபையரும் சரம் லைட்டும் இழுக்கும்போது அது மற்றதைவிட அதிகம் காலியாகும். ஆனால் திரும்பி வரும் சார்ஜ் இரண்டுக்கும் ஒன்றே. ஆக, 12 வோல்ட் எடுக்கப்படும் அந்த எர்த் பக்கத்துப் பேட்டரி என்றைக்கும் முழுதாக ஏறாது.

இதோடு முடியவில்லை. ஆல்டர்னேட்டரின் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் மொத்தம் 28 வோல்டை மட்டும்தான் பார்க்கிறது, அது எப்படிப் பிரிகிறது என்று அதற்குத் தெரியாது. காலியான பேட்டரி 13 வோல்டில் நின்றால் மற்றதன் மேல் 15 வோல்ட் விழும். அது கொதித்துத் தண்ணீர் வற்றும். ஒன்று பட்டினியிலும் மற்றொன்று அஜீரணத்திலும் சாகிறது. கடைக்காரர் "பேட்டரி கம்பெனி சரியில்லை" என்பார், நீங்களும் வேறு கம்பெனி வாங்குவீர்கள், அதுவும் அப்படியே போகும்.

சரி, என்ன செய்வது? 24-லிருந்து 12 வோல்டாகக் குறைக்கும் கன்வர்ட்டர் ஒன்று வாங்கி, அதன் உள்ளீட்டை இரண்டு பேட்டரியும் சேர்ந்த 24 வோல்டில், பியூஸோடு மாட்டவும். சாதாரண டேப்புக்கு 10 ஆம்ப் போதும், பெரிய ஆம்ப்ளிஃபையர் என்றால் அதற்குத் தக்கதாக. போன் சார்ஜருக்கு அதுகூட வேண்டாம், 12-24 என்று அச்சிட்டதை வாங்கினால் நேராக 24-லேயே மாட்டலாம். கன்வர்ட்டர் விலையைக் கேட்டுத் தயங்குகிறவர்கள் ஒரு ஜோடி பேட்டரி விலையையும் கேட்டுப் பார்க்கட்டும். சிலர் சில மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பேட்டரியையும் இடம் மாற்றி வைப்பார்கள். ஒன்றும் செய்யாததற்கு அது தேவலை, அவ்வளவுதான்.

8. ரெண்டுல ஒரு பேட்டரி மட்டும்தான் போச்சு. ஒண்ணு மட்டும் வாங்கினா போதுமா?

வேண்டாம். புதியதும் பழையதும் ஒரே மாதிரி சார்ஜ் ஏற்றுக்கொள்ளாது. கேள்வி 7-ல் சொன்ன அதே ஏற்றத்தாழ்வு பாட்டுப் பெட்டி இல்லாமலே வந்துவிடும். ஒரே கம்பெனி, ஒரே ஆம்பியர் மணி, ஒரே மாதத் தயாரிப்பாக ஜோடியாக வாங்குங்கள். வாங்கிச் சில மாதத்திலேயே ஒன்று போனால் வாரண்டியில் ஒன்றை மட்டும் மாற்றலாம், அதுவரை பரவாயில்லை.

உண்மையில் எது போயிருக்கிறது என்று பார்க்கத் தனித்தனியாக அளக்கவும். ஒன்று 12.6, மற்றது 10.5 என்றால் இரண்டாவதில் ஒரு செல் செத்திருக்கிறது. ஒரு செல்லுக்கு 2.1 வோல்ட், கணக்கு அப்படியே பொருந்தும்.

9. பேட்டரியில தண்ணி அடிக்கடி குறையுது. ஆர்ஓ தண்ணி ஊத்தலாமா?

கூடாது, டிஸ்டில்டு வாட்டர்தான். ஆசிட்டும் ஊற்றக் கூடாது. வற்றுவது தண்ணீர் மட்டும், ஆசிட் உள்ளேயே இருக்கிறது. தகடு மூழ்கி 10 முதல் 15 மில்லிமீட்டர் மேலே நின்றால் போதும்.

இரண்டு பேட்டரியிலும் குறைந்தால் ஓவர் சார்ஜ், ரெகுலேட்டரைப் பாருங்கள். கூடவே ஹெட்லைட் பல்பும் அடிக்கடி போகும். ஒன்றில் மட்டும் குறைந்தால் கேள்வி 7. ஒரே ஒரு செல்லில் மட்டும் குறைந்தால் அந்த செல் முடிந்துகொண்டிருக்கிறது. ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் அது மற்ற செல்களைவிட 0.050-க்கு மேல் இறங்கியிருக்கும்.

10. வண்டி ஓடும்போது பேட்டரியைக் கழட்டிப் பாரு, நிக்கலைன்னா டைனமோ நல்லதுன்னு எங்க பழைய மேஸ்திரி சொல்வார்.

அவர் தொழில் கற்ற காலத்தில் வண்டியில் நிஜமாகவே டைனமோ இருந்தது, சார்ஜ் இல்லாதபோது அதைப் பேட்டரியிலிருந்து பிரித்துவிடும் கட்-அவுட் பெட்டியோடு. அதில் டையோடு கிடையாது, சோதனையும் ஏதோ ஓடியது. ஆல்டர்னேட்டரில் பேட்டரியைக் கழற்றும் அந்த நொடியில் வோல்டேஜ் எகிறும். டையோடும் ரெகுலேட்டரும் ஒன்றாகப் போகலாம், நல்ல ஆல்டர்னேட்டரைச் சோதித்தே கெடுத்ததாகிவிடும். அதோடு டீசல் வண்டி பேட்டரி இல்லாமலும் ஓடும் என்பதால் இந்தச் சோதனை எதையும் நிரூபிப்பதும் இல்லை. பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச் வைத்த வண்டிகளுக்கும் இதே விதி: இன்ஜின் நின்ற பிறகுதான் சுவிட்சை அணைக்க வேண்டும்.

பாடி கட்டும் இடத்தில் வெல்டிங் வைக்கும்போதும் முதலில் பேட்டரி மைனஸையும் ஆல்டர்னேட்டர் ஒயரையும் கழற்றச் சொல்லுங்கள்.

11. கார்ல இருந்து ஜம்ப் கொடுத்து ஸ்டார்ட் பண்ணலாமா?

12 வோல்ட் காரால் 24 வோல்ட் லாரியை எடுக்க முடியாது. இன்னொரு 24 வோல்ட் வண்டி வேண்டும். கடைசி மைனஸ் கேபிளைப் பேட்டரியில் மாட்டாமல், அதிலிருந்து தள்ளி இன்ஜின் பிளாக்கில் மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயுவில் ஒரு பொறி விழுந்தால் பேட்டரி வெடிக்கும்.

12. பிரேக் பிடிச்சா இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலா எரியுது. சுவிட்சை மாத்தியாச்சு, போகலை.

சுவிட்ச்சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பின்னால் டெயில் லைட் பெட்டியின் எர்த் போயிருக்கிறது. பிரேக் பல்புக்குப் போன கரண்ட் திரும்ப வழியில்லாமல் பக்கத்து இண்டிகேட்டர் பல்பின் வழியாக எர்த்தைத் தேடுகிறது. அதனால் இரண்டும் மங்கலாக எரியும். பேட்டரி மைனஸிலிருந்தோ நல்ல சேஸிஸ் இடத்திலிருந்தோ ஒரு ஒயரை டெயில் லைட் எர்த்தில் தொட்டுப் பாருங்கள், உடனே சரியாகும். பெயின்ட் மேல் போல்ட் போட்டு முறுக்கினால் எர்த் கிடைக்காது, சுரண்டி இரும்பு தெரிந்த பிறகு மாட்டி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவவும். நான் பின் லைட்டுகளுக்குத் தனியாக ஒரு எர்த் ஒயரே இழுத்துவிடுவேன். மழைக்காலத்தில் மறுபடி வராமல் இருக்கும்.

13. பியூஸ் அடிக்கடி போகுது. கொஞ்சம் பெரிய பியூஸ் போட்டுக்கலாமா?

பியூஸ் காப்பாற்றுவது ஒயரை. 10 ஆம்ப் ஒயருக்கு 20 ஆம்ப் பியூஸ் போட்டால் அடுத்த தடவை போவது ஒயர், கூடவே கேபின். போன பியூஸின் மேல் சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றுகிறவர்களிடம் பேசிப் பயனில்லை.

கூடுதல் லைட் மாட்டிய பிறகு போக ஆரம்பித்தால் வாட்ஸை 24-ஆல் வகுத்துக் கூட்டுங்கள். 70 வாட்ஸ் பல்பு ஒன்று சுமார் 3 ஆம்ப்ஸ். புதிய லைட்டுக்குப் பேட்டரியிலிருந்து தனி ஒயர், தனி பியூஸ், ஒரு ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டை ஆன்-ஆஃப் செய்யும் சுவிட்ச்) போட வேண்டும். லைட் எதுவும் மாட்டாமலே போனால், ஒயர் பாடித் துளை வழியாகப் போகிற இடங்களில் ரப்பர் தேய்ந்து செப்பு தெரிகிறதா என்று பாருங்கள். அங்கே இல்லையென்றால் எலி.

14. ஆல்டர்னேட்டர் ரிப்பேர் பண்ணி மூணு மாசம் தாங்க மாட்டேங்குது. உள்ள எல்லாம் ஆயில்.

வேக்கம் பம்ப் முதுகில் இருக்கும் வகைதானே? அந்தப் பம்புக்கு இன்ஜின் ஆயில் போகிறது. நடுவில் இருக்கும் ஆயில் சீல் போனால் ஆயில் ஆல்டர்னேட்டருக்குள் இறங்கி பிரஷ்ஷும் கார்பன் தூளும் பசையாகிவிடும். பிரஷ் மட்டும் மாற்றிக் கொடுத்தால் மறுபடி அதே கதைதான். சீலையும் மாற்றச் சொல்லுங்கள், பம்பிலிருந்து ஆயில் திரும்பும் ஹோஸ் அடைத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அடைத்திருந்தால் புது சீலும் நிற்காது.

15. நீங்க சொன்னதெல்லாம் பார்த்தாச்சு, எல்லாம் சரியா காட்டுது. ஆனாலும் சார்ஜ் லைட் லேசா மினுங்கிட்டே இருக்கு, எப்பவாவது டவுன் ஆகுது.

லேசாக மினுங்குவது நல்ல தடயம். கேள்வி 2-ல் சொன்ன பல்பின் இரண்டு பக்கமும் ஒரே வோல்டேஜ் வந்தால்தான் அது முழுதாக அணையும். மினுங்கினால் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. ஒன்று, ஆல்டர்னேட்டருக்குள் டையோடு போயிருக்க வேண்டும். இல்லையென்றால் சாவி சுவிட்சின் காண்டாக்ட் கருகி, அந்தப் பக்கம் வோல்டேஜ் குறைய வேண்டும்.

பிரித்துப் பார்க்க, இன்ஜின் ஓட, லைட்டெல்லாம் போட்டு, மீட்டரை ஏசி வோல்ட் நிலையில் வைத்துப் பேட்டரியை அளக்கவும். அரை வோல்டுக்கு மேல் காட்டினால் டையோடு. அது சரியாக இருந்தால் பேட்டரி பிளஸ்ஸுக்கும் சாவி சுவிட்சிலிருந்து வெளியே வரும் ஒயருக்கும் நடுவே டிசி-யில் பாருங்கள், ஒரு வோல்ட் விழுந்தாலே சுவிட்சை மாற்றலாம். இரண்டிலும் ஒன்றும் தெரியவில்லை என்றால் கோளாறு சூட்டிலோ குலுங்கலிலோ மட்டும் வருகிறது. மீட்டரின் ஒயரை நீட்டி கேபினுக்குள் கொண்டுவந்து, பேட்டரியோடு மாட்டியபடியே ஒரு லோடு ஓட்டுங்கள். கிளீனர் மீட்டரைப் பார்த்துக்கொள்ளட்டும். எந்தப் பள்ளத்தில், எவ்வளவு நேரம் ஓடிய பிறகு 28 இறங்குகிறது என்று குறித்துக்கொண்டு வந்தால், எலக்ட்ரீஷியனுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.